யோக வகுப்பில் நம் ஒழுக்கம்

(ஆலயத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் நடைபெற்ற சமய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



திருவிழா முடிந்ததும் நம் மண்டபத்தில் யோகப் பயிற்சி வகுப்பு ஒன்று தொடங்கவிருக்கிறது. அதற்கு வருவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். நான் யோக ஆசிரியன் அல்லேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பின்னர் அரசாங்கச் சேவையில் சேர்ந்து, நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்ததால் வந்த முதுகுவலியோடு யோக வகுப்புக்குச் சென்றவன். மாணவனாகக் கண்டவற்றையே இங்குச் சொல்ல வருகிறேன்.

யோகம் என்றதும் நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது உடலை வில்லாக வளைத்து நிற்கும் ஓர் உருவமே. ஆனால் பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ 196 சூத்திரங்கள் இருக்க, அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுபவை மூன்றே மூன்று. அமர்வு அசையாததாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதே அவர் அங்குக் கேட்பது. எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது இடத்தையே பெறுகிறது. முதலாவது இயமம். பிறரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது அது. நம் திருமூல நாயனாரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே வரிசையைத்தான் வைக்கிறார். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, அடக்கம், நடுவுநிலை, பகுத்துண்ணல் ஆகியவற்றை இயமத்தில் நிற்பவனுக்கு இலக்கணமாகச் சொல்லிவிட்டுப் பிறகுதான் ஆதனத்திற்கு வருகிறார். ஆகவே நம் பக்கத்து விரிப்பில் இருப்பவரிடம் நாம் நடந்துகொள்ளும் முறையிலேயே யோகம் தொடங்கிவிடுகிறது. கால் பெருவிரலைக் கை தொடுவது அதற்குப் பிறகு.

இந்த யோகம் எங்கோ இமயமலையிலிருந்து நமக்கு இறக்குமதியான சரக்கு என்று எண்ணுவோரும் உளர். 1887ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்னும் இளைஞர் மருத்துவம் பயின்று 1913ஆம் ஆண்டு மலாயாவுக்குக் கப்பலேறி வந்தார். நமக்கு அண்டை மாநிலமாகிய நெகிரி செம்பிலானில், சிரம்பானை அடுத்த ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். பின்னர் ஜொகூர் பாருவிலும் இருந்தார். 1923ஆம் ஆண்டு இந்தியா திரும்பி, மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவரே தெய்வ நெறிக் கழகத்தை 1936இல் நிறுவிய சுவாமி சிவானந்தர். அவர் பெயரால் பத்துமலையில் ஓர் ஆசிரமம் இயங்கி வருவதைப் பலரும் அறிவர். உலகெங்கும் யோகம் பரவக் காரணமானவர்களுள் ஒருவர், துறவு கொள்ளும் முன் ஏறத்தாழ பத்தாண்டு காலம் நம்மவர் பாடுபட்ட இதே மண்ணில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நோயாளிக்குத் தொண்டு செய்த கையே பின்னர் யோகத்தைப் போதித்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்செல்வோம்.

முதலில் வயிற்றைப் பற்றிப் பேசிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு நாசி லெமாக்கும் தே தாரிக்கும் முடித்துவிட்டு ஏழு மணிக்குப் புஜங்காசனத்தில் குப்புறப் படுப்பவர் தமக்கும் துன்பம் தேடிக்கொள்கிறார், பக்கத்தில் இருப்பவருக்கும் துன்பம் தருகிறார். வயிற்றில் பாதி உணவு, கால்பங்கு நீர், மீதிக் கால்பங்கு வெற்றிடம் என்பது கேரண்ட சம்ஹிதை என்னும் பழைய யோக நூல் காட்டும் அளவு. முழு உணவு உண்டால் இரண்டு மூன்று மணி நேரமாவது கழித்து வருவதே நலம்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டுப் பெரியவர்களுள் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31 பேர். அப்படியானால் முப்பது பேர் கூடும் வகுப்பில் ஒன்பது பத்துப் பேர் நீரிழிவுக்காரர்களாக இருக்கக்கூடும். அவர்களுள் இன்சுலின் ஊசி போடுவோரும், சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் மாத்திரை உண்போரும் இருப்பர். அவர்கள் வெறும் வயிற்றோடு வந்து பயிற்சி செய்தால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழ நேரலாம். எப்போது உண்பது, எப்போது ஊசி போடுவது என்பதை அவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டறிந்து வரவேண்டும். பையில் இரண்டு மிட்டாயும் வைத்திருக்க வேண்டும். வகுப்பின் நடுவே ஒருவர் மிட்டாயை வாயில் போட்டால், “இங்கே வந்து தின்கிறாரே” என்று முகம் சுளிப்பது நமக்கு அழகன்று.

உடல்நிலையை ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்வதும் ஒழுக்கத்தைச் சேர்ந்ததே. இரத்தக் கொதிப்பு உள்ளவர், கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர், முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர், கருவுற்றிருப்பவர் ஆகிய எல்லாருக்கும் எல்லா ஆசனமும் ஆகாது. தலையைத் தாழ்த்தும் ஆசனங்கள் முதல் இரு சாராருக்குத் தீங்கு செய்யக்கூடும். கூட்டத்தில் உரக்கச் சொல்ல வெட்கமாக இருந்தால் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து ஆசிரியரிடம் தனியே சொல்லுங்கள். பெண்கள் சில நாள்கள் மண்டபத்திற்கு வராமல் இருப்பார்கள். வந்தாலும் சில ஆசனங்களைச் செய்யாமல் அமர்ந்திருப்பார்கள். ஏன் என்று கேட்பது நாகரிகமன்று. ஆசிரியரும் கேட்கலாகாது.

இனி மண்டபத்திற்குள் வருவோம். தமிழ்ப்பள்ளியில் எங்கள் ஆசிரியர் காலணிகளை வகுப்பறை வாசலில் ஒரே கோடாக வைக்கச் சொல்வார். கோடு கோணினால் கழற்றிய நாங்களே சென்று நேராக்க வேண்டும். இன்று நம் மண்டப வாசலைப் பார்த்தால் அவர் மனம் நோவார். பின்னால் வருபவர் தடுக்கி விழாதபடி காலணியை ஓரமாக வையுங்கள். சந்நிதி இருக்கும் திசையை அறிந்து, சவாசனத்தில் கால்கள் அத்திசையை நோக்காதபடி விரிப்பை இடுங்கள். தீபாராதனை மணி ஒலித்தால் ஆசிரியர் பயிற்சியைச் சற்று நிறுத்துவார். அவ்வேளையில் பேசத் தொடங்காமல் அமைதியாக அமர்ந்திருந்தால் போதும். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இடம்பிடித்து மூன்று விரிப்பைப் பரப்பி வைக்கும் வழக்கம் திருமண விருந்தோடு நிற்கட்டும். மின்விசிறியைக் கூட்டுவதா குறைப்பதா என்னும் வழக்கில் நான் தீர்ப்பளிக்க மாட்டேன். அதை ஆசிரியரிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

நேரம் தவறி வருவோரைப் பற்றியும் ஒரு சொல். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தாமதம் நேர்வது இயல்பு. அப்படி வந்தால் தொடக்கத் தியானமோ மூச்சுப் பயிற்சியோ முடியும்வரை வாசலில் நின்று, பிறகு பின்வரிசையில் ஓசையின்றி அமரலாம். கைப்பேசியை அடக்கிவைக்கச் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் சவாசனத்தின் நடுவே திரைப்பாடல் ஒலித்த அனுபவம் பலருக்கும் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

கைப்பேசியின் மணியைவிட அதன் படக்கருவி செய்யும் தீங்கு பெரிது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரில் நான் சென்றுகொண்டிருந்த வகுப்புக்கு ஓர் அம்மையார் வந்தார். வயது அறுபத்து மூன்று. பதினான்கு வயதில் பால்மரம் வெட்டத் தொடங்கியவர். காண்டாவாளி சுமந்து சுமந்து அவருடைய ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. தோட்டம் கைமாறி, லயம் காலியான பிறகு மகனுடைய தாமான் வீட்டிற்கு வந்து சேர்ந்தவர். முழங்கால் வலிக்கு இலேசான பயிற்சி செய்யுமாறு கிளினிக்கில் மருத்துவர் சொன்னதால் வந்தார். சுடிதார் அணிந்து பழக்கமில்லை. சேலைக்குள் மகனுடைய நீண்ட காற்சட்டையை அணிந்து வந்திருந்தார்.

தரையில் அமரவே அவர் பாடுபட்டார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர், அன்போடுதான், “இப்படி இல்லம்மா, இப்படி” என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்துத் திருத்தினார். வகுப்பு முடிவதற்குள் அவருடைய படம் ஒன்று புலனக் குழுவில் சிரிப்புக் குறியோடு வந்துவிட்டது. அம்மையாருக்குப் புலனம் பார்க்கத் தெரியாது. மருமகளுக்குத் தெரியும். அடுத்த வாரம் அவர் வரவில்லை. ஆசிரியை வீட்டிற்கே சென்று அழைத்தபோது, “முட்டிவலி கொறைஞ்சிருச்சுங்க டீச்சர்” என்றாராம். வாசல்வரை வந்து வழியனுப்பிய அவர் நடையைப் பார்த்த ஆசிரியைக்கு அது உண்மையன்று என்பது தெரிந்துவிட்டது.

அங்குச் சிரித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். திருவிழாவில் அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்குபவர்கள். கோத்தோங் ரோயோங் என்றால் முதலில் வந்து நிற்பவர்கள். ஆயினும் அந்த அரைமணி நேரத்தில் இயமத்தின் முதற்கூறாகிய கொல்லாமை, அதாவது பிறரை நோகச் செய்யாமை, அந்த அறையில் இல்லை. எத்தனை சூரிய நமஸ்காரம் செய்திருந்தாலும் அன்று அங்கு நடந்ததை யோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அம்மையாருக்கு யோகம் வராது என்று எண்ணியவர்கள் ஒன்றை யோசித்துப் பார்த்திருக்கலாம். விடியும் முன் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மரமாகச் சென்று பட்டையை வெட்டியவர் அவர். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். ஆழம் போதாவிட்டால் பால் இறங்காது. அந்த மயிரிழை அளவைக் கண்ணாலும் கையாலும் அறிந்து, நாளுக்கு நானூறு ஐந்நூறு மரம் என்று ஆண்டுக்கணக்கில் செய்தவருக்கு, எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாம் கற்றுத்தரப் போகிறோமா? ஆசனத்தில் உடம்பை வருத்தாமல் நிறுத்தும் இடம் எது என்பதை முன்வரிசையில் இருந்தவர்கள் அவரிடம் கேட்டறிந்திருக்கலாம்.

யோகத்தில் பெரியவர்கள் எனப்பட்டோர் இத்தகையோரை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். கர்நாடகத்தின் பெள்ளூரில் 1918இல் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார் சிறுவயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து நோயால் நலிந்தவர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஆசிரியரானபோது, குனிய முடியாதவருக்கும் நிற்க முடியாதவருக்கும் நாற்காலி, மரக்கட்டை, கயிறு, தலையணை ஆகியவற்றைத் துணையாக வைத்து ஆசனங்களைச் செய்வித்தார். அவருக்கு ஆசிரியராகவும் உறவினராகவும் இருந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் தம் பிற்காலத்தைச் சென்னையில் கழித்தார். பயிற்சியானது செய்பவருடைய வயதுக்கும் உடலுக்கும் ஏற்ப அமைய வேண்டும் என்பது அவர் வழியில் வந்த கொள்கை. 1976இல் அவர் பெயரால் சென்னையில் தொடங்கப்பட்ட யோக மந்திரமும் அந்த வழியையே பின்பற்றியது. ஆகையால் நாற்காலியில் அமர்ந்து செய்பவர் அரைகுறை மாணவர் என்னும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி நிர்வாகத்தினர் ஒரு முடிவு செய்திருக்கின்றனர். அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். வகுப்பு நேரத்தில் எவரும் படம் எடுக்கலாகாது. ஆலயத்தின் ஆண்டறிக்கைக்குப் படம் தேவையானால் முன்கூட்டியே அறிவித்து, விரும்புவோரை மட்டும் நிறுத்தி எடுப்பார்கள்.

பக்கத்தில் இருப்பவரைத் திருத்துவது ஆசிரியருடைய வேலை. நமக்கு நன்றாகத் தெரிந்த ஆசனமாகவே இருந்தாலும் வாயையும் கையையும் அடக்கிக்கொள்வோம். அடக்கம் என்பதும் திருமூலர் பட்டியலில் உண்டு. ஆசிரியரும் ஒருவரைத் தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று ஒரு பெண் சொன்னால், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. குருவைக் கேள்வி கேட்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். குருபக்தி உயர்ந்ததே. ஆனால் நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிடு, ஆசனம் பார்த்துக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய குருவானாலும் அந்தச் சொல்லைக் கேட்காதீர்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவருடைய பொறுப்பு. சுவாமி சிவானந்தரே மருத்துவர்தாம் என்பதை மறந்துவிடக்கூடாது.

பல இனத்தவர் வாழும் மலாக்காவில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொய்யாத விநாயகர் ஆலயமும் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் நிற்கும் ஊர் இது. 2014 டிசம்பரில் ஐக்கிய நாட்டுச் சபை ஜூன் 21ஆம் நாளை அனைத்துலக யோக தினமாக அறிவித்த பிறகு, சீன நண்பர்கள் பலர் யோக வகுப்புகளைத் தேடி வருகிறார்கள். நம் வகுப்புக்கு அவர்கள் வந்தால் வரவேற்போம். ஓங்காரம் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். விரும்பாவிட்டால் மௌனமாக மூச்சைக் கவனிக்கட்டும். திருநீறு பூசிக்கொள்ளும்படி வற்புறுத்த வேண்டாம். அலுவலகத்தில் நம்மோடு பணிபுரியும் மலாய்க்கார நண்பர்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் மந்திரம், வழிபாடு ஆகியவற்றோடு கூடிய யோகம் முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்று அறிவித்தது. மந்திரமின்றி உடற்பயிற்சியாக மட்டும் செய்யலாம் என்று அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி விளக்கம் தந்தார். அதை அவர்கள் தங்கள் மனச்சான்றின்படி முடிவு செய்துகொள்வார்கள். ‘வாருங்கள், ஒன்றும் ஆகாது’ என்று நாம் இழுப்பது நட்புக்குப் பொருந்தாது. அரசாங்க ஊழியர்களுக்கு அது அறவே பொருந்தாது.

கடைசியாகச் சவாசனம். பார்ப்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் இதுவே எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஐந்து அல்லது பத்து நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பலருக்கு வீட்டு நினைவு வருகிறது. காரை முதலில் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் வருகிறது. மெல்ல எழுந்து விரிப்பைச் சுருட்டுகிறார்கள். ஒருவர் சுருட்டும் ஓசை முப்பது பேருடைய அமைதியைக் கலைத்துவிடுகிறது. உண்மையாகவே முன்னதாகப் போக வேண்டியிருந்தால் சவாசனம் தொடங்கும் முன்பே எழுந்து போய்விடுங்கள். குறட்டை விடுபவரைத் தட்டி எழுப்ப வேண்டாம். பாவம், அவர் வாரம் முழுவதும் இரவு வேலை செய்திருப்பார்.

வகுப்புக்குக் கட்டணம் இல்லை என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. இலவசம் என்பதால் நினைத்தபோது வரலாம், நினைத்தபோது நிற்கலாம் என்று கொள்ளாமல், வர இயலாத நாளில் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். ஆசிரியை நெடுந்தூரத்திலிருந்து தம் செலவில் வருகிறார்.

பதிவுப் படிவம் ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. உடல்நிலை பற்றிய பகுதியை விடாமல் நிரப்புங்கள். அதை ஆசிரியை தவிர வேறெவரும் பார்க்க மாட்டார்கள். நாற்காலிகள் பத்து ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நான்கு முன்வரிசையில் போடப்படும். தோட்டத்தில் பாடுபட்டு இப்போது வீட்டில் முழங்காலைத் தடவிக்கொண்டு அமர்ந்திருக்கும் உங்கள் அம்மாவையும் பாட்டியையும் அந்த நான்கு நாற்காலிகளுக்கு அழைத்து வாருங்கள். சேலையோடு வந்தாலும் சரியே.